மேரி பேரில் ஆயிரத்து எண்பது வரி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பி மில்லில் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தபோது புவனேஸ்வரிக்கு இருபத்திரண்டு வயது. கேட்டைத் தாண்டியதும் வலது பக்கம் எட்டுக்கு எட்டு அறை. ஒரு போர்டு, ஒரு சுழல் நாற்காலி, காதில் மாட்டிக்கொள்ள ஒரு ஹெட்செட். பதினாலு வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து மில்லின் குரல்களையெல்லாம் கேட்டாள். ஃபோர்மேன் மகளுக்கு வந்த வரன் தட்டிப்போனது, கேன்டீன்காரர் தம்பியோடு பேச்சை முறித்துக்கொண்டது, யூனியன் பிளவுபடப் போவது எல்லாம் முதலில் அவள் காதுக்குத்தான் வந்தன. ஒன்றுகூட வாய்க்கு வந்ததில்லை. அவள் கணவன் துளசிராமன் எளாவூர் செக்போஸ்ட் பக்கம் ஒரு லாரி ஆபீசில் இருந்தான். ஆந்திராவிலிருந்து வருகிற அத்தனை செய்தியையும் சாயங்காலம் வீட்டில் கொட்டுவான். அவளிடமிருந்து பதிலுக்கு ஒன்றும் பெயராது. “உங்க மில்லுல ஊமைங்கதான் வேலை செய்றாங்களா?” என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனான்.

இரண்டாயிரத்து இரண்டில் தானே இயங்கும் எக்ஸ்சேஞ்ச் வந்தது. யாருக்கு யார் வேண்டுமோ அவர்களே எண்ணை அழுத்திப் பேசிக்கொள்ளலாம். பழைய போர்டைக் கழற்றித் தள்ளுவண்டியில் ஏற்றிப் போன அன்று, புவனேஸ்வரி தலைவலி என்று சொல்லிவிட்டு மத்தியான ரயிலுக்கே பொன்னேரிக்குக் கிளம்பிவிட்டாள். மறுநாள் அவளைச் சிஸ்டம் ரூமுக்கு மாற்றியிருந்தார்கள்.

அந்த அறையை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு முதலில் ஞாபகம் வருவது குளிர்தான். ஜி.எம். அறையை விட்டால் ஏசி இருந்த அறை அது ஒன்றே. ரோலிங் பக்கம் கம்பி பழுக்கப் பழுக்க ஓடிக்கொண்டிருக்கும். அங்கிருந்து வருகிறவர்கள் ஏதாவது ஒரு காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து ஐந்து நிமிஷம் சும்மா நின்றுவிட்டுப் போவார்கள். மூலையில் ஒரு மரப்பலகை மேல் வெளிறிப்போன நிறத்தில் ஒரு பெட்டி. மில்லில் இருந்த இருபத்திரண்டு கம்ப்யூட்டரும் அந்தப் பெட்டி வழியாகத்தான் இன்டர்நெட்டுக்குப் போக வேண்டும். வெளியே போக இருந்தது ஒரே ஒரு ஒல்லியான லைன். இப்போது ஒரு போனுக்குள் ஓடுகிறதில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. அதை இருபத்திரண்டு பேர் பகிர்ந்துகொண்டார்கள். ஒருத்தர் பார்த்த பக்கத்தை அந்தப் பெட்டி ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். அடுத்தவர் அதையே கேட்டால் வெளியே போகாமல் கையிலிருப்பதை எடுத்துக் கொடுத்துவிடும்.

காலையில் பெட்டி ஓடுகிறதா என்று பார்ப்பது, மாதம் ஒரு முறை அதன் பதிவுகளை சி.டி.யில் எழுதித் தேதி போட்டு வைப்பது, ஏதாவது நின்றுபோனால் சென்னைக்குப் போன் செய்வது, இவைதான் அவள் வேலை. சென்னையில் போனை எடுப்பவர் சஹாபுதீன், பழவேற்காட்டுக்காரர். இரண்டு வருஷத்தில் ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. ஆனால் குரல் பழக்கம். “மேடம், பொன்னேரி மார்க்கெட்டுல இன்னிக்கு எறா வந்துச்சா?” என்று கேட்ட பிறகுதான் என்ன கோளாறு என்று கேட்பார்.

இரண்டாயிரத்து நாலு மார்ச் கடைசி. வருஷக் கணக்கு முடிக்கிற வாரம். அதே நேரம் இந்திய அணி பாகிஸ்தானில் டெஸ்ட் மேட்ச் ஆடிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை காலையிலிருந்து லைன் படுத்துவிட்டது. ஹெட் ஆபீசுக்குப் போகவேண்டிய ஸ்டாக் ஸ்டேட்மென்ட் மெயில் பத்து மணிக்கு அனுப்பியது இரண்டு மணிக்குத்தான் போய்ச் சேர்ந்தது. செவ்வாய்க்கிழமை காலை ஜி.எம். ஆதிநாராயணன் அவளைக் கூப்பிட்டார். ஆரம்பாக்கத்துக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கோபம் வந்தால் எதிரில் நிற்கிறவரை “நைனா” என்று ஆரம்பிப்பார். அன்றைக்கு எதிரில் நின்றது பொம்பளை என்பதால் அதை விழுங்கிக்கொண்டார்.

“புவனேஸ்வரிம்மா, ஸ்டாஃபு எல்லாம் வேலைய விட்டுட்டு ஸ்கோர் பாத்துக்கினு இருக்காங்க. அதான் லைன் அடைச்சிக்குது. நேத்து எந்தக் கம்ப்யூட்டர்ல யார் எவ்ளோ பாத்தாங்கன்னு எனக்கு லிஸ்ட் வேணும்.”

பெட்டி எல்லாவற்றையும் எழுதி வைக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு முறை யாராவது ஒரு பக்கத்தைக் கேட்டாலும் ஒரு வரி. வரியின் தொடக்கத்தில் பத்து இலக்க எண். முதன்முதலில் பார்த்தபோது அதை மொபைல் நம்பர் என்றே நினைத்தாள். தொண்ணூற்றெட்டில் தொடங்காமல் பத்தில் தொடங்குகிறதே என்று சஹாபுதீனைக் கேட்டாள். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது ஜனவரி முதல் தேதியிலிருந்து இதுவரை ஓடின வினாடிகளின் கணக்கு என்றார். அடுத்து கம்ப்யூட்டரின் எண். கடைசி இரண்டு இலக்கத்தை வைத்து எந்த மேஜை என்று சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம். அப்புறம் ஹிட் அல்லது மிஸ் என்று ஒரு வார்த்தை. பிறகு அளவு, பக்கத்தின் விலாசம். அந்த ஹிட்டும் மிஸ்ஸும் என்னவென்று அவள் கேட்டுக்கொள்ளவே இல்லை. தேவைப்படவில்லை.

ஒரு கம்ப்யூட்டருக்கு எத்தனை வரி என்று எண்ணுகிற கட்டளையை சஹாபுதீன் போனில் எழுத்தெழுத்தாகச் சொல்ல, நோட்டில் எழுதிக்கொண்டாள். இருபத்தொரு கம்ப்யூட்டருக்கு ஓட்டினாள். மிச்சமிருந்த ஒன்று ஜி.எம். மேஜையில் இருந்தது. ஸ்டாஃப் லிஸ்ட் கேட்டவருடைய கம்ப்யூட்டரையே எண்ண வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

டெஸ்பாட்சில் இருநூற்று சொச்சம். பர்ச்சேஸில் நூற்று நாற்பது. பதினேழாம் எண்ணுக்கு எதிரில் ஆயிரத்து எண்பது என்று வந்தது. பதினேழு வேபிரிட்ஜ் கம்ப்யூட்டர். அங்கே உட்கார்ந்து லாரிகளின் எடையைப் பதிவு செய்பவள் மேரி.

புவனேஸ்வரிக்கு ஒரு நிமிஷம் கை நின்றது. மேரி மீஞ்சூரிலிருந்து வருகிறவள். காலை ரயிலில் பெண்கள் பெட்டியில் சாப்பாட்டுப் பையை வைத்துப் பொன்னேரி வரைக்கும் புவனேஸ்வரி அக்காவுக்கு இடம் பிடித்து வருகிறவள். அவள் கணவன் ஆசீர்வாதம் வேலை பார்த்த கெமிக்கல் கம்பெனி மூடிவிட்டார்கள். மூன்று வருஷமாக டெம்பரரியாக இருக்கிற மேரியை ஏப்ரலில் நிரந்தரம் ஆக்குவதாகப் பேச்சு. இதெல்லாம் தெரிந்தும் புவனேஸ்வரி லிஸ்டை எண் வரிசைப்படி அடித்து, கையெழுத்துப் போட்டு, உறையில் வைத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். கேட்டதைக் கொடுத்தேன், நான் ஒன்றும் சேர்த்துச் சொல்லவில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

மத்தியானமே மேரிக்கு மெமோ டைப் ஆகிவிட்டது. கணக்கு முடிகிற அவசரத்தில் ஜி.எம். கையெழுத்து மட்டும் வியாழக்கிழமைக்கு என்று நின்றது. டைப் அடித்தவர் வாய் சும்மா இருக்குமா? சாயங்காலம் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் மேரி அவளுக்காகவே காத்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, லிஸ்ட் நீங்கதான் குடுத்தீங்களா?”

“சார் கேட்டாரு மேரி.”

“கேட்டா? ஸ்கோர் நான் தொறந்துதான் வெச்சிருந்தேன். இல்லன்னு சொல்லல. வரிசையில நிக்கிற டிரைவருங்க ஜன்னல்ல எட்டிப் பாத்துக்கினு சண்டை போடாம நிக்கிறாங்கன்னு மானிட்டரைக் கொஞ்சம் திருப்பி வெச்சேன். நான் எங்க உக்காந்து பாத்தேன்? நேத்து ஒரே நாள்ல நாப்பது வண்டி.” அவள் குரல் உயரவில்லை. “பதினாலு வருஷம் யார் போன்ல இன்னா பேசினாங்கன்னு ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்லன்னு நீங்கதானே சொல்வீங்க. என் பேரு மட்டும் எப்டிக்கா வந்துச்சு?”

ரயில் வந்தது. மேரி வேறு பெட்டியில் போய் ஏறிக்கொண்டாள்.

புதன்கிழமை வந்ததும் புவனேஸ்வரி மற்ற வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு சென்னைக்குப் போன் போட்டாள். சஹாபுதீன் எறாவைப் பற்றிக் கேட்க வாயெடுப்பதற்குள் முந்திக்கொண்டாள்.

“சார், லாக்ல ஹிட்டு மிஸ்ஸுன்னு வருதே, அது இன்னா?”

“ஹிட்டுன்னா கேட்ட பக்கம் நம்ம பெட்டியிலயே இருந்துச்சு மேடம், அங்கேருந்தே குடுத்துட்டுது. மிஸ்ஸுன்னா பெட்டியில இல்ல. லைனைப் புடிச்சு வெளிய போய்க் கொண்டாந்து குடுத்துச்சு.”

அவளுக்குப் பழைய போர்டு ஞாபகம் வந்தது: மில்லுக்குள்ளேயே பேசினால் எக்ஸ்டென்ஷன், லைனைப் பிடித்து வெளியூருக்குப் பேசினால் டிரங்க். பிறகு, “அப்ப ஹிட்டு எக்ஸ்டென்ஷன் கால். மிஸ்ஸுதான் டிரங்க் கால்,” என்றாள்.

அந்தப் பக்கம் சஹாபுதீன் சிரித்துவிட்டார். “இத்த கஸ்டமருங்களுக்கு எப்டி வெளங்க வெக்கிறதுன்னு தெரியாம ரெண்டு வருஷமா பேஜாராயிருந்தேன். நீங்க ஒரே வார்த்தையில சொல்லிட்டீங்க.”

“சிரிக்காதீங்க சார். நான் ரெண்டையும் ஒண்ணா எண்ணி லிஸ்ட் குடுத்துட்டேன். ஒருத்தி வேலை போவப்போவுது.”

திங்கட்கிழமைப் பதிவு முழுவதையும் பிரின்ட் போட்டாள். பிரின்டர் கரகரவென்று இழுத்து மடிப்பு மடிப்பாகத் தள்ளிய காகிதத்தை மேஜை, நாற்காலி, தரை என்று பரப்பி வைத்தாள். ஒரு ஸ்கேலும் சிவப்புப் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பதினேழாம் எண் வருகிற இடங்களையெல்லாம் கோடு போட்டாள். நிமிஷத்துக்கு மூன்று வரி. ஸ்கோர் பக்கம் ஒன்று, அதிலிருக்கிற படங்கள் இரண்டு. ஒரு தொகுதிக்கும் அடுத்த தொகுதிக்கும் நடுவில் அறுபது வினாடி. மறுபடி அறுபது. மறுபடி அறுபது. சாப்பாட்டு நேரத்திலும் அறுபது. வேபிரிட்ஜில் லாரிக்காரர்களோடு தகராறு என்று மேரி அரைமணி நேரம் வெளியே நின்றது மில்லுக்கே தெரியும். அந்த அரைமணியிலும் அதே அறுபது. மனுஷக் கை இப்படி அழுத்தாது என்று பதினாலு வருஷம் போர்டில் உட்கார்ந்தவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பக்கம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருந்தது. ஆயிரத்து எண்பது வரியில் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலதைத் தவிர எல்லாமே ஹிட்.

அப்படியானால் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுகிற ஸ்கோர் பெட்டிக்குள் எப்படி வந்தது? யாரோ ஒருவர் மேரிக்கு முன்னால் போய்க் கேட்டிருக்க வேண்டும். ஸ்கேலை ஒவ்வொரு வரியாக மேலே நகர்த்தினாள். மேரியின் ஹிட்டுக்கு இருபத்தெட்டு வினாடி முன்னால் அதே பக்கத்துக்கு ஒரு மிஸ் இருந்தது. அடுத்த நிமிஷத்திலும் இருபத்தெட்டு வினாடி முன்னால் ஒரு மிஸ். ஒரே கம்ப்யூட்டர்தான் ஒவ்வொரு முறையும் வெளியே போய்ப் புது ஸ்கோரைக் கொண்டுவந்தது. இருபத்தெட்டு வினாடி கழித்து வேபிரிட்ஜ் அந்தப் பிரதியைச் சும்மா வாங்கிக்கொண்டது. கொண்டுவந்தது பதினொன்றாம் எண். சுவரில் பட்டியலைப் பார்க்காமலே அவளுக்குத் தெரியும். அது ஜி.எம். மேஜை.

அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு டீ வரும் வரைக்கும் சும்மா உட்கார்ந்திருந்தாள். டீ குடித்த பிறகுதான் அளவு என்ற பத்தியைப் பார்க்க ஆரம்பித்தாள். ஸ்கோர் பக்கம் யார் பார்த்தாலும் சின்னது. அதனால் லைன் அடைபட்டிருக்க முடியாது. காலை பத்து மணிக்குமேல் வேறு ஏதோ இருந்தது. ஐந்து எம்.பி. கொண்ட ஒரே ஃபைல். பதினெட்டு கம்ப்யூட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டிருந்தன. பதினெட்டும் மிஸ்.

சஹாபுதீனைத் திரும்பக் கூப்பிட்டாள். விலாசத்தை எழுத்தெழுத்தாகச் சொன்னாள்.

“அது ஆன்ட்டி வைரஸ் அப்டேட் மேடம். இந்த மாசம் பூரா வைரஸ் பயம், தினம் ஒண்ணு வருது.”

“ஒரே ஃபைலுதானே சார்? மொத ஆளு கொண்டாந்ததும் பெட்டி வெச்சிக்கினு மத்தவங்களுக்குக் குடுக்க வேண்டியதுதானே? ஏன் பதினெட்டு மிஸ்ஸு?”

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டுகிற சத்தம். பிறகு சஹாபுதீன் தணிந்த குரலில் சொன்னார்: “நாலு எம்.பி.க்கு மேல இருக்கிற எதையும் வெச்சிக்காதேன்னு பெட்டியில ஒரு அளவு இருக்குது மேடம். வரும்போதே அப்டித்தான் வரும். நாங்கதான் மாத்தி வெச்சிருக்கணும். தப்பு எங்க மேலதான்.”

ஒரு எண்ணை மாற்ற அவருக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு, இரண்டு காகிதங்களோடு ஜி.எம். அறைக்குள் போனாள். முதல் காகிதத்தில் அந்த அப்டேட் விவகாரம். ஆதிநாராயணன் கூர்மையான ஆள், உடனே பிடித்துக்கொண்டார். லைன் அடைபட்டதற்கு ஸ்கோர் காரணம் இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். மெயில் சீக்கிரம் போனால் சரி என்றார். அவள் நகரவில்லை.

“இன்னாம்மா?”

“மேரி மெமோ சார்.”

“அது வேற, இது வேற. லைன் அடைக்கலன்னாலும் வேலை நேரத்துல ஸ்கோர் பாத்தது பாத்ததுதானே? டிசிப்ளின்னு ஒண்ணு இருக்குது இல்ல?”

“சார், ஸ்கோரை வெளியேருந்து கொண்டாந்தது மேரி கம்ப்யூட்டர் இல்ல சார். வேற ஒரு கம்ப்யூட்டர் கொண்டாந்து வெச்சதுதான் மேரிக்குப் போயிருக்குது.” இரண்டாவது காகிதத்தை மேஜைமேல் வைத்தாள். சிவப்புப் பென்சிலால் கோடு போட்ட வரிகள். “மிஸ்ஸுன்னு இருக்கிறதை மட்டும் பாருங்க சார்.”

அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுப் படித்தார். “பதினொண்ணு. பதினொண்ணு. எல்லாம் பதினொண்ணாவே இருக்குது. யாரு இவன்? லிஸ்ட்ல இந்த நம்பரே காணோமே. எங்க இருக்குது இந்தப் பதினொண்ணு?”

புவனேஸ்வரி அவர் மேஜைமேல் இருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தாள், அவ்வளவுதான். அவரும் திரும்பிப் பார்த்தார். திரையின் அடியில் சின்னதாக்கி வைத்திருந்த ஜன்னலில் ஸ்கோர் மாறிக்கொண்டிருந்தது.

வெளியே கிரேன் மணி அடித்தபடி நகர்ந்து போனது. ஆதிநாராயணன் டிராயரைத் திறந்து, கையெழுத்துப் போடாத மெமோவை எடுத்து நாலாக மடித்து, அதே டிராயரின் அடியில் வைத்து மூடினார்.

“இது எத்தனை பேருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும் சார். இப்ப உங்களுக்கு.”

“சரி, போங்க,” என்றவர், அவள் கதவைத் தொட்டபோது மறுபடி கூப்பிட்டார். “இனிமே யாரு இன்னா பாத்தாங்கன்னு லிஸ்ட் வேணாம்மா. சைஸ் மட்டும் எடுங்க. பேரு வேணாம்.”

வியாழக்கிழமைப் பதிவில் அந்தப் பெரிய ஃபைல் முதல் கம்ப்யூட்டருக்கு மிஸ் என்றும் அதன் பிறகு பதினேழு முறை ஹிட் என்றும் வந்தது. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அந்த மில்லில் அவள் பார்த்த அழகான காகிதம் அதுதான் என்று புவனேஸ்வரி பின்னாளில் சொல்வாள். பத்து மணிக்கு அனுப்பிய மெயில் பத்து மணிக்கே போனது.

மெமோ வரவில்லை. நிரந்தரம் ஏப்ரலில் ஆகாமல் ஜூனுக்குத் தள்ளிப்போய், அப்புறம் கிடைத்தது. ஆனால் மேரி பேசவில்லை. ஜி.எம். மனசு மாறிவிட்டார், மாதாவின் கிருபை என்று நினைத்தாள். அந்த அறைக்குள் நடந்ததைப் புவனேஸ்வரியும் சொல்லவில்லை. சொன்னால் பதினொன்றாம் எண்ணையும் சொல்ல வேண்டி வரும். மூன்று மாதம் ஒரே ரயிலில், ஒரே பெட்டியில், ஒருத்தி ஜன்னலையும் ஒருத்தி கதவையும் பார்த்துக்கொண்டு போனார்கள். கவரப்பேட்டை தாண்டும்போது வழக்கமாகப் பிரித்துத் தின்கிற வேர்க்கடலை இல்லாமல் அந்த வழி இரண்டு மடங்கு நீளமாக இருந்தது.

ஜூன் கடைசியில் புவனேஸ்வரிக்குப் பித்தப்பையில் கல் என்று ஆபரேஷன் ஆனது. ஒரு மாதம் லீவு. அந்த மாதம் சிஸ்டம் ரூமைப் பார்த்துக்கொள்ள மேரியைப் போட்டார்கள். பதிவைப் படிப்பது எப்படி என்று சஹாபுதீன் அவளுக்கும் போனில் சொல்லிக்கொடுத்தார். ஹிட்டுன்னா எக்ஸ்டென்ஷன் கால், மிஸ்ஸுன்னா டிரங்க் கால் என்றே சொன்னாராம்.

லீவு முடிந்து வேலைக்குக் கிளம்பிய முதல் நாள், பொன்னேரியில் ரயில் வந்து நின்றது. பெண்கள் பெட்டியில் ஒரு சாப்பாட்டுப் பை இடம் பிடித்து வைத்திருந்தது. மேரி அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி கிளம்பியதும் ஆரம்பித்தாள்.

“அக்கா, மார்ச் மாச சி.டி.யைப் போட்டுப் பாத்தேன்.”

“ஏன்டி?”

“என் பேர்ல அப்டி இன்னாதான் இருக்குதுன்னு பாக்கணும்னு தோணுச்சு. ஒரு நாள் பூரா உக்காந்து படிச்சேன்.” அவள் வெளியே பார்த்தபடியே சொன்னாள். “பதினொண்ணையும் பாத்தேன்.”

புவனேஸ்வரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “லிஸ்ட் குடுத்தது என் தப்பு மேரி. படிக்கத் தெரியாம எண்ணிட்டேன். அத்த இல்லன்னு சொல்லமாட்டேன்.”

“தெரியும். அதுக்குக் கோவம் இன்னும் கொஞ்சம் இருக்குது,” என்றாள் மேரி. பிறகு, “வயித்துல தையல் வலிக்குதா?” என்று கேட்டாள்.

ஆடி மாதம் அது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் பெரியபாளையத்து பவானியம்மனுக்குப் பொங்கல் வைப்பதாகத் துளசிராமன் வேண்டிக்கொண்டிருந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை அவனுக்குக் கடைசி நேரத்தில் லாரி ஆபீசில் வேலை வந்துவிட, புவனேஸ்வரியுடன் பானையையும் விறகையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியது மேரிதான். ஆற்றங்கரை மணலில் மூன்று கல் கூட்டி அடுப்பு வைத்தார்கள். சுற்றிலும் வேப்பிலையும் புகையும் பம்பைச் சத்தமும். மேரி கோயிலுக்குள் வரவில்லை. அடுப்புக்குக் காவலாக உட்கார்ந்து, பொங்கிவரும்போது விறகை இழுத்து இழுத்துத் தீயைத் தணித்தாள். கண் இரண்டும் சிவந்துவிட்டன.

சாமி கும்பிட்டுத் திரும்பிவந்த புவனேஸ்வரி இலையில் பொங்கல் வைத்துக் கொடுத்தாள். மேரி ஒரு வாய் தின்றுவிட்டுக் கேட்டாள்: “அக்கா, அன்னிக்கு அந்த ரூமுல சார் இன்னா சொன்னாரு?”

“இன்னும் கொஞ்சம் நெய் ஊத்தட்டா?”

மேரி சிரித்துக்கொண்டே இலையை நீட்டினாள். அப்புறம் அதைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. மூன்று மணி பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அடுத்த ஊரான ஆரணி வருவதற்குள் காலிப் பானையை மடியில் கட்டிக்கொண்டு மேரி தூங்கிப்போனாள். பொன்னேரி வரைக்கும் அவள் தலை புவனேஸ்வரியின் தோளில்தான் இருந்தது.